புதிய நிரல்மொழியிடம் முதலில் என்ன கேட்பது?

திருவண்ணாமலையில் மலையைச் சுற்றி வரும் கிரிவலப் பாதை ஏறத்தாழ 14 கிலோமீட்டர். திசைக்கு ஒன்றாக வழியில் எட்டு லிங்கங்கள் இருக்கின்றன: இந்திர லிங்கம், அக்னி லிங்கம், எம லிங்கம், நிருதி லிங்கம், வருண லிங்கம், வாயு லிங்கம், குபேர லிங்கம், ஈசான்ய லிங்கம். கிழக்கே இந்திர லிங்கத்தில் தொடங்கினால் வடகிழக்கே ஈசான்யத்தோடு எட்டும் முடிகின்றன. அதற்குப் பிறகு மறுபடியும் இந்திர லிங்கம்தான். பௌர்ணமி இரவில் முதல்முறையாக வரும் வெளியூர்க்காரருக்காக ஒரு சின்னச் செயலி எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர் நிற்கும் லிங்கத்தைச் சொன்னால், அடுத்து வருவது எது, இதற்கு முன் கடந்தது எது என்று செயலி பதில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை.

லிங்கங்களுக்கு 0 முதல் 7 வரை எண் கொடுக்கிறோம். பெரும்பாலான நிரல்மொழிகள் பட்டியலை 0-இலிருந்துதான் எண்ணும். அடுத்த லிங்கம் வேண்டுமென்றால் 1 கூட்டி, 8-ஆல் வகுத்து, மீதியை எடுத்துக்கொள்ளலாம். ஈசான்யம் 7. அதோடு 1 கூட்டினால் 8, மீதி 0, இந்திர லிங்கம் வந்துவிடும். முந்தைய லிங்கத்துக்கு 1 கழித்துவிட்டு அதே வகுத்தல். பைத்தானில் இப்படி எழுதி, இந்திர லிங்கத்துக்கு முன் எது என்று கேட்டால், 0-இல் 1 போக −1, அதை 8-ஆல் வகுத்த மீதி 7, ஆகவே ஈசான்யம் என்று சரியாகச் சொல்லும்.

இப்போது அதே வரியை, கூகுளில் உருவாகி 2009-இல் வெளியான கோ மொழியில் எழுதிப் பாருங்கள். மீதி −1 என்று வரும். பட்டியலில் −1-ஆவது இடம் கிடையாது; நிரல் அந்த இடத்திலேயே விழுந்து நின்றுவிடும். ஜாவாவிலும் அதே கதைதான். ஜாவாஸ்கிரிப்ட் நிற்காது. லிங்கத்தின் பெயர் வர வேண்டிய இடத்தில் ‘வரையறுக்கப்படவில்லை’ என்ற பொருள்படும் வெற்று மதிப்பைக் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். சி மொழி இன்னும் மோசம். பட்டியலுக்கு முன்னால் நினைவகத்தில் என்ன கிடக்கிறதோ அதை எடுத்து வந்து நீட்டக்கூடும்.

காரணம் எளிது. −1-ஐ 8-ஆல் வகுக்கும்போது ஈவைக் கீழ்நோக்கி −1 என்று எடுத்தால் மீதி 7. பூஜ்ஜியத்தை நோக்கி 0 என்று எடுத்தால் மீதி −1. கணக்கின்படி இரண்டும் சரி. பைத்தான், ரூபி, லுவா முதல் வழியில் போகின்றன. கோ, ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட், ரஸ்ட் இரண்டாம் வழியில். சி மொழியில் 1999-ஆம் ஆண்டுத் தரநிலை வரும்வரை இது கம்பைலரின் விருப்பத்துக்கே விடப்பட்டிருந்தது.

ரஸ்ட் மொழியில் நடப்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். பட்டியலின் இடத்தைக் குறிக்க அங்கே குறை எண்ணே இல்லாத ஓர் எண் வகையைப் பயன்படுத்துவார்கள். அதில் 0-இலிருந்து 1 கழித்தால், உருவாக்கும் கட்டத்தில் நிரல் பிழை சொல்லி நிற்கும். ஆனால் வெளியீட்டுக்காக வேகப்படுத்திக் கட்டிய நிரலில், இயல்பான அமைப்பின்படி, அந்தச் சரிபார்ப்பு நீங்கிவிடும். 64 பிட் கணினியில் விடை 18446744073709551615 என்று சுற்றிக்கொண்டு வரும். அதை 8-ஆல் வகுத்தால் மீதி 7! சரியான லிங்கம் வந்துவிடுகிறது, அதுவும் தற்செயலாக. 2-இன் 64-ஆம் அடுக்கு 8-ஆல் மீதியின்றி வகுபடுவதால் மட்டுமே இந்த அதிர்ஷ்டம். நாளைக்கு யாரோ பட்டியலில் இன்னும் இரண்டு இடங்களைச் சேர்த்துப் பத்தாக்கினால், 9 வர வேண்டிய இடத்தில் 5 வரும். அப்போது பட்டியலைத் தொட்டவர்தான் கெடுத்தார் என்று எல்லோரும் நினைப்பார்கள். பிழையோ முதல் நாளிலிருந்தே அங்கே இருந்தது.

ஒரு மொழியில் பழகியவர் இன்னொன்றுக்குப் போகும்போது விழுகிற பள்ளங்கள் பெரும்பாலும் இந்த வகைதான். தெரியாததைப் பாடநூலில் தேடிப் படித்துவிடுவோம். தெரியும் என்று நினைப்பதை யாரும் தேடுவதில்லை. கழித்தலும் வகுத்தலும் எல்லா மொழியிலும் ஒன்றுதானே என்று கைபாட்டுக்கு எழுதிவிடுகிறது. இந்த நம்பிக்கைகளை ஒவ்வொன்றாக நிறுத்தி விசாரிக்க நமக்கு இருக்கும் மலிவான, நம்பகமான கருவி யூனிட் டெஸ்ட். கல்லூரியில் சியும் ஜாவாவும் படித்துவிட்டு வேலைக்குச் சேர்ந்த வாரத்தில் கோ அல்லது ரஸ்ட் கையில் திணிக்கப்படும் இளைஞர்களுக்கு முக்கியமாக இதைச் சொல்ல வேண்டும். புதிய மொழியில் நிரல் எழுதிப் பழகிய பிறகு டெஸ்ட் எழுதக் கற்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். டெஸ்ட் எழுதித்தான் அந்த மொழியைப் பழக வேண்டும்.

யூனிட் டெஸ்ட் என்பது நிரலின் ஒரு சின்னப் பகுதியைத் தனியே எடுத்து, அதற்கு ஓர் உள்ளீடு கொடுத்து, வந்த விடையை நாம் எதிர்பார்த்த விடையோடு ஒப்பிடும் இன்னொரு குட்டி நிரல். அதில் மூன்று அசைவுகள் உண்டு. தேவையானதைத் தயார்செய்வது, ஃபங்ஷனைக் கூப்பிடுவது, விடையை ஒப்பிடுவது. இரண்டும் ஒத்துப்போனால் பாஸ், இல்லாவிட்டால் ஃபெயில். இதை மனிதர் உட்கார்ந்து பார்க்க வேண்டியதில்லை என்பதுதான் முக்கியம். ஒரே கட்டளையில் நூற்றுக்கணக்கான டெஸ்டுகள் சில நொடிகளில் ஓடி முடிந்து, எது தவறியது என்று வரி எண்ணோடு சொல்லும்.

இந்த முறையைப் பரவலாக்கியவர்களில் முதன்மையானவர் அமெரிக்க நிரலாளர் கென்ட் பெக். ஸ்மால்டாக் மொழிக்காக அவர் எஸ்யூனிட் என்ற கருவியைச் செய்தார். 1997-இல் அவரும் எரிக் காமாவும் சூரிச்சிலிருந்து அட்லாண்டாவுக்குப் போன விமானத்தில் அமர்ந்தபடி ஜாவாவுக்காக ஜேயூனிட்டின் முதல் வடிவத்தை எழுதினார்கள். 2001-இல் வெளியான பைத்தான் 2.1 அதே பாணிக் கருவியைத் தன்னுடனேயே சேர்த்துக்கொண்டது. கோவும் ரஸ்டும் பிறக்கும்போதே டெஸ்ட் ஓட்டும் வசதியோடு பிறந்தன. நோட் ஜேஎஸ் தன் 18-ஆம் பதிப்பில், 2022-இல்தான் அதை உள்ளே கொண்டுவந்தது. சி மொழியோடு இன்றும் அப்படி ஒன்று வருவதில்லை. வெளியிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

கென்ட் பெக் தன் நூல் ஒன்றில் கற்றல் டெஸ்ட் என்று ஒரு வகையைச் சொல்கிறார். நாம் எழுதாத, வெளியிலிருந்து எடுத்துக்கொண்ட ஒரு வசதியை முதன்முதலாகப் பயன்படுத்துவதற்கு முன், அது நாம் நினைப்பதுபோல் நடக்கிறதா என்று பார்ப்பதற்கான டெஸ்ட் அது. நிரல்மொழியும் நாம் எழுதாததுதான். அதற்கும் இந்த முறை அப்படியே பொருந்தும்.

ஒன்றைச் செய்து பார்க்கலாம். ஆங்கிலச் சொல் எதுவும் வேண்டாம். நம் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்வோம். திருவண்ணாமலை என்ற சொல்லின் நீளம் என்ன? தி, ரு, வ, ண், ணா, ம, லை. ஏழு எழுத்து என்று பள்ளிக்கூடப் பிள்ளை சொல்லிவிடும். ‘இந்தச் சொல்லின் நீளம் 7’ என்று ஒவ்வொரு மொழியிலும் ஒரு டெஸ்ட் எழுதி ஓட்டுங்கள். பைத்தானில் ஃபெயில் ஆகும். வந்த விடை 12. ஜாவாவிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் அதே 12. கோ மொழியிலும் ரஸ்டிலும் ஃபெயில் ஆகும். வந்த விடை 36. ஆப்பிளின் ஸ்விஃப்டிலும் எலிக்சரிலும் பாஸ் ஆகும்.

எந்த மொழியும் பொய் சொல்லவில்லை. நீளம் என்பதற்கு ஒவ்வொன்றும் ஒவ்வொரு பொருள் வைத்திருக்கிறது. யூனிகோடில் தமிழின் உயிர்மெய், அகரம் ஏறியது தவிர, ஒரே குறியீடாகக் கிடையாது. ‘தி’ என்பது தகரத்துக்கு ஒரு குறியீடு, இகரக் கொக்கிக்கு இன்னொரு குறியீடு. ‘ண்’ என்பது ணகரமும் புள்ளியும். அப்படி எண்ணினால் நம் ஊர்ப் பெயரில் 12 குறியீடுகள். அவற்றை யூடிஎஃப்-8 முறையில் சேமிக்கும்போது தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் எடுக்கும். ஆகவே 36. கோவும் ரஸ்டும் சொல்வது பைட் கணக்கு. பைத்தான் சொல்வது குறியீட்டுக் கணக்கு. ஸ்விஃப்டும் எலிக்சரும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் கூட்டத்தை ஓர் அலகாக எண்ணுகின்றன.

இது வெறும் ஆராய்ச்சிக்கான கேள்வி என்று நினைக்க வேண்டாம். ரசீதில் இடம் குறைவு, பெயரில் முதல் 20 எழுத்து போதும் என்று ஒருவர் கோ மொழியில் சாதாரணமாக வெட்டினால் வெட்டுப்படுவது 20 பைட். திருவண்ணாமலை என்ற பெயர் ‘திருவண’ என்று நின்று, அதன் பின்னால் உடைந்த குறி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். ஏழே எழுத்துள்ள பெயர் இருபதெழுத்து இடத்தில் கொள்ளவில்லை! ஆங்கிலப் பெயரை மட்டும் கொடுத்துச் சோதித்தவருக்கு இது ஒருநாளும் தெரியவராது, ஏனென்றால் ஆங்கிலத்தில் பைட், குறியீடு, எழுத்து மூன்றும் ஒரே எண்ணிக்கை. ஆகவே அறிமுகமில்லாத மொழியைச் சோதிக்கும்போது தமிழ் நமக்குத் தடை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆங்கிலம் மூடி மறைத்துவிடும் ஓட்டைகளைத் தமிழ்ச் சொல் ஒன்று முதல் டெஸ்டிலேயே காட்டிக்கொடுக்கும்.

பைத்தானில் தமிழ் எழுத்தையே அலகாக எண்ண வேண்டுமென்றால் ஓப்பன்-தமிழ் என்ற திறமூல நூலகம் இருக்கிறது. தமிழ்க் கட்டளைகளால் நிரல் எழுதும் எழில் மொழியை உருவாக்கிய முத்தையா அண்ணாமலை முன்னெடுத்தது அது. சொல்லைக் கொடுத்தால் தி, ரு, வ என்று எழுத்து எழுத்தாகப் பிரித்துத் தரும்.

இந்த ஊரில் அடிக்கடி தட்டச்சாகும் இன்னொரு சொல் பௌர்ணமி. ஒரு டெஸ்ட் ஃபெயில் ஆகிறது. எதிர்பார்த்தது பௌர்ணமி, கிடைத்தது பெளர்ணமி என்று திரை காட்டுகிறது. இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. கணினிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று கோபம் வரும். உண்மையில் முதலாவதில் இருப்பது ஔகாரக் குறி, தனி ஒரே குறியீடு. இரண்டாவதில் யாரோ எகரக் கொம்பு போட்டு, பக்கத்தில் ளகரத்தைத் தட்டியிருக்கிறார்கள். முதலாவதில் 7 குறியீடு, இரண்டாவதில் 8. இதுபோக யூனிகோடு அனுமதிக்கும் மூன்றாவது வடிவமும் உண்டு. கொம்பும், ளகரம் போலவே தெரியும் ஔகார நீட்சிக் குறியும் தனித்தனியாகச் சேர்ந்தது அது. யூனிகோடின் இயல்பாக்கம் என்ற வழிமுறை மூன்றாவதை முதலாவதோடு சேர்த்துவிடும். ளகரம் போட்ட இரண்டாவதை அது சேர்க்காது; அது எழுத்துப்பிழை, நாமேதான் பிடிக்க வேண்டும். நீங்கள் கற்கும் மொழி இந்த இயல்பாக்கத்தைத் தானாகச் செய்கிறதா? ஸ்விஃப்ட் ஒப்பிடும்போது தானாகவே செய்யும், பைத்தான் செய்யாது. இதற்கு ஒரு டெஸ்ட் எழுதி வைத்தால், பௌர்ணமி என்று தேடியவருக்கு எதுவும் கிடைக்கவில்லை என்ற புகார் வருவதற்கு முன்பே விஷயம் தெரிந்துவிடும்.

தேதியிலும் இப்படி உண்டு. 2024-இல் மகாதீபம் ஏற்றப்பட்டது டிசம்பர் 13-ஆம் தேதி. ஜாவாஸ்கிரிப்டின் பழைய தேதி வசதியில் ஆண்டு 2024, மாதம் 12, நாள் 13 என்று எண்களாகக் கொடுத்தால் அது 2025 ஜனவரி 13 என்று எடுத்துக்கொள்ளும். அங்கே மாதங்களை 0-இலிருந்து எண்ணுகிறார்கள், டிசம்பர் 11. பிழைச் செய்தி ஏதும் வராது. தீபம் சத்தமில்லாமல் போகிப் பண்டிகைக்குப் போய்விடும். ஒரே வரி டெஸ்ட் இதைப் பிடிக்கும். முழு எண்ணாக்குவதிலும் மொழிகள் பிரிகின்றன. 2.5-ஐ முழு எண்ணாக்கச் சொன்னால் ஜாவாஸ்கிரிப்டும் கோவும் 3 என்கின்றன, இன்றைய பைத்தான் 2 என்கிறது. சரிபாதியாக வரும்போது அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குப் போவது அதன் விதி. பில் போடும் நிரல் எழுதுகிறவர் இதை அறியாமல் இருக்கக் கூடாது.

சரி, புதிய மொழியில் முதல் டெஸ்டாக எதை எழுதுவது? கட்டாயம் தோற்க வேண்டிய ஒன்றை. 1-உம் 2-உம் சமம் என்று எழுதி ஓட்டுங்கள். அது ஃபெயில் ஆவதைக் கண்ணால் பார்த்த பிறகே மேலே போங்கள். இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. டெஸ்ட் ஓட்டும் கருவி நம் டெஸ்டைக் கண்டுபிடிப்பதற்கு ஒவ்வொரு மொழியும் ஒரு பெயர் விதி வைத்திருக்கிறது. கோ மொழியில் கோப்பின் பெயர் ‘டெஸ்ட்’ என்று அடிக்கோட்டோடு முடிய வேண்டும், ஃபங்ஷனின் பெயர் அதே சொல்லில் பெரிய எழுத்தோடு தொடங்க வேண்டும். பைத்தானின் பைடெஸ்ட் கருவிக்கு வேறு விதி. ரஸ்டில் ஃபங்ஷனுக்கு மேலே ஓர் அடையாளக் குறி இட வேண்டும். இதில் ஒன்று பிசகினாலும் கருவி அந்த டெஸ்டைக் கண்டுகொள்ளாது. ஓடாத டெஸ்ட் தோற்கவும் தோற்காது. பிழை எதுவும் இல்லை என்று நாம் நிம்மதியாக இருப்போம்.

ஓடியும் ஓடாத டெஸ்டுகளும் உண்டு. ஜாவாஸ்கிரிப்டில் தாமதமாக விடை தரும் ஃபங்ஷன்கள் ஏராளம். விடை வரும்வரை காத்திரு என்று சொல்ல மறந்தால், ஒப்பிடுவதற்கு முன்பே டெஸ்ட் முடிந்து பாஸ் என்று அறிவிக்கப்படலாம். பைத்தானில் ஒப்பீட்டையும் விளக்கச் செய்தியையும் ஒரே அடைப்புக்குறிக்குள் சேர்த்து எழுதிவிட்டால் அது எப்போதும் உண்மை என்றே கொள்ளப்படும். எதைக் கொடுத்தாலும் பாஸ். ஒவ்வொரு டெஸ்டையும் ஒருமுறையாவது தோற்கடித்துப் பாருங்கள் என்று அனுபவசாலிகள் வற்புறுத்துவது இதனால்தான்.

அடுத்தது அந்தந்த மொழியின் வழக்கம். ஜேயூனிட்டில் எதிர்பார்த்த விடையை முதலில் கொடுக்க வேண்டும், கிடைத்ததைப் பிறகு. ஜாவாஸ்கிரிப்டின் ஜெஸ்ட் கருவியில் கிடைத்தது முதலில். கோ மொழியில் ஒப்பிட்டுச் சொல்லும் தனி ஃபங்ஷனே மொழியோடு வருவதில்லை. சாதாரண நிபந்தனை வாக்கியம் எழுதி, கிடைத்தது இது, வேண்டியது இது என்று நாமே செய்தி எழுத வேண்டும். ஜாவாவிலிருந்து வருகிறவர்களுக்கு இது குறையாகப் படும். உடனே பழைய மொழியின் சாயலில் ஒரு வெளிக் கருவியைத் தேடி இறக்கிவிடுவார்கள். முதல் சில வாரங்களுக்கு இதைச் செய்யாதீர்கள் என்பதே என் கருத்து. மொழியோடு வந்ததை வைத்து எழுதினால் அந்த மொழியை உருவாக்கியவர்கள் எப்படி யோசித்தார்கள் என்பது புரியும். கோக்காரர்கள் உள்ளீட்டையும் எதிர்பார்த்த விடையையும் வரிசை வரிசையாக ஓர் அட்டவணையில் அடுக்கி, ஒரே சுற்றில் எல்லாவற்றையும் ஓட்டுவார்கள். எட்டு லிங்கங்களுக்கும் முந்தையது எது என்பதை எட்டு வரியில் எழுதிவிடலாம். படிக்கவும் சுகம், ஒன்பதாவது வரி சேர்ப்பதும் எளிது. ரஸ்டில் டெஸ்டை நிரல் இருக்கும் கோப்பின் அடியிலேயே வைப்பது வழக்கம். பைத்தானிலும் எலிக்சரிலும் ஃபங்ஷனுக்கான விளக்கக் குறிப்பில் தரும் எடுத்துக்காட்டையே டெஸ்டாக ஓட்ட முடியும். அது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு, ஏனென்றால் விளக்கம் பழசாகிப் பொய்யாவதை அது விடுவதில்லை.

மொழி முழுவதையும் சோதிக்க முடியாது, தேவையும் இல்லை. விளிம்புகளைச் சோதியுங்கள். பட்டியலின் முதல் உறுப்பு, கடைசி உறுப்பு, வெற்றுப் பட்டியல், பூஜ்ஜியம், குறை எண், தமிழ்ச் சொல், ஒன்றுபோல் தெரியும் இரண்டு சொற்கள். இரண்டு பட்டியல்களை ஒப்பிட்டால் உள்ளிருப்பதை ஒப்பிடுகிறதா, இரண்டும் ஒரே பொருள்தானா என்று பார்க்கிறதா என்பதையும் கேட்டுவிடுங்கள். ஜாவாவிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் இதில் தடுக்கி விழாதவர் குறைவு. நடுவில் இருக்கும் சாதாரண மதிப்புகளில் மொழிகள் அநேகமாக ஒத்துப்போகின்றன. மூன்றாவது லிங்கத்துக்கு முந்தையது எது என்று கேட்டால் மேலே சொன்ன எல்லா மொழியும் சரியாகவே சொல்லும்.

இனி, மிக எளிதாக நடந்துவிடும் ஒரு தவறு. டெஸ்ட் ஃபெயில் ஆகிறது. எதிர்பார்த்தது 7, கிடைத்தது 12. அவசரத்தில் 7-ஐ அழித்துவிட்டு 12 என்று எழுதுகிறோம், பாஸ் ஆகிவிடுகிறது. ஏன் 12 என்று புரிந்துகொண்டு மாற்றினால் அது கற்றல். புரியாமல் மாற்றினால் பிழைக்கு நாமே முத்திரை குத்திக் கொடுத்ததாகிவிடும். எதிர்பார்த்த விடை நிரலுக்கு வெளியிலிருந்து வர வேண்டும்: கைக்கணக்கு, நாட்காட்டி, இலக்கணம், அகராதி.

அகராதி என்றதும் ஓர் எடுத்துக்காட்டு. நம் பக்கத்து ஊர்கள் நான்கை அகர வரிசையில் அடுக்குவோம். ஆம்பூர், ஆரணி, ஆலங்காயம், ஆற்காடு. தமிழில் லகரம் முன்னால், றகரம் பின்னால். ஆனால் பெரும்பாலான நிரல்மொழிகளிடம் வரிசைப்படுத்தச் சொன்னால், ஆம்பூர், ஆரணி, ஆற்காடு, ஆலங்காயம் என்றே கொடுக்கும். யூனிகோடு அட்டவணையில் ரகரத்தை அடுத்தே றகரம் உட்கார்ந்திருக்கிறது; மொழிகள் அந்த எண் வரிசையைத்தான் பார்க்கின்றன. வந்த விடையை நகலெடுத்து எதிர்பார்ப்பாக ஒட்டியிருந்தால் இந்தத் தவறு என்றென்றும் பாஸ் ஆகிக்கொண்டிருக்கும். தமிழ் வரிசைக்கென்று தனி நூலகமோ மொழிவாரி வரிசை வசதியோ வேண்டும் என்று தெரியவருவது, அகராதியைப் பார்த்து டெஸ்ட் எழுதியவருக்கு மட்டும்தான்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்த பிறகு இந்த எச்சரிக்கை இன்னும் அவசியமாகிவிட்டது. இந்த ஃபங்ஷனுக்கு டெஸ்ட் எழுதிக் கொடு என்றால் நொடியில் இருபது டெஸ்ட் வந்து விழும். அறிமுகமில்லாத மொழியில் எந்தக் குறியை எங்கே இடுவது, கோப்புக்கு என்ன பெயர் வைப்பது என்று தெரிந்துகொள்ள அது நல்ல துணை. தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் அது உங்கள் நிரலைப் படித்து, நிரல் இப்போது என்ன செய்கிறதோ அதையே சரியென்று உறுதிசெய்யும் டெஸ்டுகளையும் எழுதிவிடக்கூடும். உள்ளீடுகளை அது தரட்டும். விடைகளின் பத்தியை நீங்கள் நிரப்புங்கள். நிரப்ப முடியாத வரி எதுவோ, அங்கேதான் நீங்கள் படிக்க வேண்டியது இருக்கிறது.

மொழி பழகிய பிறகு இந்தக் கற்றல் டெஸ்டுகளை அழிக்க வேண்டாம். நிரல்மொழிகளும் மாறுகின்றன. பைத்தான் 2-இல் 7-ஐ 2-ஆல் வகுத்தால் 3. பைத்தான் 3-இல் 3.5. அங்கே 2.5-ஐ முழு எண்ணாக்கினால் 3, இங்கே 2. அங்கே சாதாரண மேற்கோளில் எழுதிய நம் ஊர்ப் பெயரின் நீளம், யூடிஎஃப்-8 கோப்பில், 36, இங்கே 12. பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்தபோது ஏராளமான நிரல்களைப் புதிய பதிப்புக்கு மாற்ற வேண்டி வந்தது. இப்படிப்பட்ட டெஸ்டுகளைக் கையில் வைத்திருந்தவருக்கு எங்கே உடையும் என்பது ஓட்டிய உடனே தெரிந்திருக்கும்.

தனியாகத் தொடங்கத் தயக்கமாக இருந்தால் கேட்ரினா ஓவன் 2013-இல் தொடங்கிய எக்சர்சிசம் தளம் இலவசமாகக் கிடைக்கிறது. 70-க்கும் மேற்பட்ட நிரல்மொழிகளில் பயிற்சிகள் அங்கே உண்டு. ஒவ்வொரு பயிற்சியோடும் டெஸ்டுகளை அவர்களே தந்துவிடுவார்கள். அவை பாஸ் ஆகும்படி நிரல் எழுதுவது நம் வேலை. பிறர் எழுதிய டெஸ்டுகளைப் படித்துப் பழகிய பிறகு நம்முடையதை எழுதுவது எளிதாகும்.

ஒரு வேண்டுகோள். ஏதாவது ஒரு திறமூல நூலகத்தில் தமிழ்ப் பெயர் பாதியில் வெட்டுப்படுவதையோ, ஆற்காடு ஆலங்காயத்துக்கு முன் வந்து நிற்பதையோ பார்த்தால், தமிழ் வேலை செய்யவில்லை என்று பொதுவாகப் புகார் எழுதி நிறுத்திவிடாதீர்கள். அந்த நூலகத்தின் மொழியிலேயே, அதன் வழக்கப்படியே, தோற்கும் டெஸ்ட் ஒன்றை எழுதி அனுப்புங்கள். தமிழ் தெரியாத பராமரிப்பாளர் ஒருவருக்கு நம் இலக்கணத்தை விளக்குவது கடினம். ஆனால் வேண்டியது 7, கிடைத்தது 36 என்பதை அவர் உடனே புரிந்துகொள்வார். அவர் திருத்தி முடித்த பிறகும் அந்த டெஸ்ட் அங்கேயே இருந்து, அடுத்து வருகிறவர் தமிழை மறுபடி உடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளும்.